எதுவும் போடாத பானை

ஆறு பானைகள்.
ஐந்தில் மருந்து:
செங்கல் தூள், முருங்கை விதை, எலும்புக்கரி, படிகாரம்,
வெளியே சொன்னால் வழிகாட்டி கோபிக்கும் ஒரு கலவை.
ஆறாவதில் எதுவும் போடவில்லை.
சும்மா இருப்பதுதான்
அதற்குக் கொடுத்த வேலை.

தண்ணீர், பென்னாகரம் சாலையில்
எங்கள் தெரு போர்வெல் தண்ணீர்.
தொள்ளாயிரம் அடி ஆழம்.
லிட்டருக்கு மூன்று புள்ளி நான்கு மில்லிகிராம் ஃபுளோரைடு.
என் முன்பல்லின் குறுக்கே ஓடும் காபிக் கோடு
அதே தண்ணீர் போட்ட கையெழுத்து.
நேர்முகத் தேர்வில்
உதட்டை மூடியபடி சிரித்தேன்.
ஆய்வேட்டின் முன்னுரையில் இதெல்லாம் வராது.

மூன்றாம் நாள் காலை
மின்முனையைக் கழுவித் துடைத்து ஆறாவதில் விட்டேன்.
ஒன்று புள்ளி ஒன்பது.

கருவி பொய் சொல்கிறது என்றேன்.
தரக்கரைசலில் விட்டால்
அரிச்சந்திரன் மாதிரி நிற்கிறது.
மாதையன் அண்ணனைக் கேட்டேன், தண்ணீரை மாற்றினீர்களா?
"சாவி உங்க கையில இருக்கு, மேடம்."

மண்பானை வியர்க்கும்.
வியர்த்தால் தண்ணீர் போகும், உப்பு போகாது.
ஆக, அளவு கொஞ்சம் கூடியிருக்க வேண்டும்.
கூடாவிட்டாலும் மன்னித்திருப்பேன்.
குறைவதற்கு
இதற்கு யார் அனுமதி கொடுத்தது?

"அதைத் தூக்கிப் போட்டுவிட்டுக்
கண்ணாடிக் குடுவை வை, மாதேஸ்வரி.
மே மாதம் அறிக்கை" என்றார் வழிகாட்டி.
தப்பில்லை. ஒப்பிட ஏதாவது ஒன்று
சும்மா இருந்தே ஆக வேண்டும்.
குடுவை வைத்தேன்.
பானையை ஜன்னல் ஓரம் நகர்த்தினேன்.
தூக்கிப் போடவில்லை.

அன்றிரவு விடுதியில்
பாதி தோசையில் கை நின்றுவிட்டது.
முருங்கை விதைக்கு நான் போட்ட மதிப்பெண்ணில்
பானைக்குச் சேர வேண்டியது எவ்வளவு?
எலும்புக்கரிக்கு?
ஒட்டி வைத்திருந்த ஐந்து வரைபடங்களும்
சுவரில் ஆணியோடு ஆடின.

ஒன்பதாம் நாள் அது இன்னொன்று செய்தது.
முந்தின இரவு கரண்ட் இல்லை. அறை கொதித்தது.
காலையில் ஆறாம் பானை
இரண்டு புள்ளி எட்டு.
ஆவியானதைக் கழித்துப் பார்த்தேன்,
கணக்கு அப்போதும் மிஞ்சியது.
வாங்கியதைத் திருப்பிக் கொடுத்திருக்கிறது.

நோட்டில் எழுதினேன்:
மண் எப்போது கையை மூடுகிறது, எப்போது விரிக்கிறது?
அடித்தேன். அழகாக இருக்கிறது,
அளக்க முடியாது.
இரண்டாவது:
ஒன்பதாம் நாள் ஏன் கூடியது?
அதையும் அடித்தேன். அது கேள்வியில்லை, புகார்.
சூடா, காரமா, கடந்த நாட்களா
என்று மூன்றையும் ஒரே மூச்சில் கேட்டால்
எது பதில் சொன்னது என்று தெரியாது.
விடியும்போது மிஞ்சியது ஒரு வரி:
ஒரே சூளைப் பானை, ஒரே தண்ணீர்,
நாற்பது டிகிரியிலும் இருபத்தைந்திலும்
எவ்வளவு திருப்பித் தருகிறது?
சின்னக் கேள்வி.
ஆனால் அதற்கு
இல்லை என்று சொல்லத் தெரியும்.

இண்டூரில் பன்னிரண்டு பானை கேட்டேன்.
விற்கிறவர் ஒவ்வொன்றையும் விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார்.
"கல்யாணமா, காரியமா?"
"எதுவும் போடாமல் வைக்க."
என்னை ஒருமுறை பார்த்தார்.
மறுபடி பார்த்துவிட்டுப் பத்து ரூபாய் குறைத்தார்.

பஸ்ஸில் லக்கேஜ் டிக்கெட் தனி.
வேகத்தடையில் ஒன்று உடைந்தது.
கண்டக்டர் காலால் ஓரம் தள்ளப் போனார்,
குனிந்து பொறுக்கினேன்.

உடைந்த விளிம்பில்
இரு ஓரமும் சிவப்பு,
நடுவில் மட்டும் கறுப்பு,
தீ போய்ச் சேராத இடம்.
இந்தக் கறுப்பை
நான் கணக்கிலேயே எடுக்கவில்லை.

தர்மபுரி வரும் வரை
மடியில் அந்த ஓடு.
டிக்கெட்டின் பின்புறம்
எழுத இடம் போதவில்லை.